தாய்லாந்துக் கடையின் சுவரில் ஒட்டியிருந்த தாள்

அனைவருக்கும் வணக்கம். நேற்று இரவு சாப்பிட்டு வந்ததிலிருந்து இதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்ற நினைப்பிலேயே இருக்கிறேன். அதனால் இந்த வாரம் வருவதாகச் சொன்ன தேக்காச் சந்தைக் காணொளியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டு, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரில் இருக்கும் தாய்லாந்துக் கடையைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

இந்தக் கடையை என் காணொளிகளில் நீங்கள் பலமுறை பார்த்திருக்கிறீர்கள். பீச் ரோட்டில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸில் கடை வைத்திருந்தவர்கள் இவர்கள். 2023 மே மாதத்தோடு அங்கிருந்த கடைக்காரர்கள் எல்லாரும் வெளியேற வேண்டி வந்தபோது எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து நான் கேட்டுச் சாப்பிட்டது நான்கே நான்கு: டொம் யாம் என்ற காரப் புளிப்புச் சூப், பச்சைக் கறி, துளசி இலை போட்டு வதக்கிய கோழி, பாட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸ். இறால் போட்ட டொம் யாம் குங் 2024-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பிடித்த உணவு. அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோற்றோடு சேரும் பண்டத்தில் இனிப்பு தூக்கலாக இருந்தால் எனக்கு இறங்காது என்பது உங்களுக்குத் தெரியும். தாய்லாந்துச் சமையலே இனிப்புதான் என்று போன ஆண்டு ஒரு காணொளியில் அடித்துச் சொல்லியிருந்தேன். அந்தப் பேச்சை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஏனென்றால் அது தவறு.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கையால் எழுதியது, முழுவதும் தாய்லாந்து எழுத்து. நேற்று பக்கத்து மேசையில் உட்கார்ந்த தாய்லாந்துக்காரர்கள் ஆறு பேர் மெனு அட்டையைத் தொடவே இல்லை. அந்தத் தாளைப் பார்த்தபடியே வரிசையாகச் சொன்னார்கள். நான் எழுந்துபோய்க் கைப்பேசியின் மொழிபெயர்ப்பை அதன்முன் நீட்டினேன். முதல் வரிக்குப் ‘பன்றி அருவி’ என்று வந்தது. பரிமாறும் அக்காவை அழைத்துக் கேட்டேன். ‘நாம் தொக்’ என்ற தாய்லாந்துச் சொல்லுக்கு உண்மையிலேயே அருவி என்றுதான் பொருளாம். கரியில் வாட்டும்போது இறைச்சியிலிருந்து சாறு சொட்டுவதால் அந்தப் பெயர் வந்ததாம். வாட்டிய பன்றி இறைச்சியைச் சீவி, எலுமிச்சைச் சாறு, மீன் சாறு, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், புதினா ஆகியவற்றோடு பிசைகிறார்கள். கடைசியாக ஒட்டரிசியை எண்ணெய் இல்லாமல் பொன்னிறத்துக்கு மேல் வறுத்து, குருணையாக இடித்துத் தூவுகிறார்கள். காவ் குவா என்ற அந்த வறுத்த அரிசிப் பொடிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கடித்தால் நறநறவென்று இருக்கிறது. அரிசி வறுக்கும் நாளில் வீடெல்லாம் பரவுமே, அதே வாசம் நாக்கில் ஏறுகிறது. இதில் இனிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது சொம் தாம், அதாவது பப்பாளிக்காயை உரலில் இடித்துச் செய்வது. மெனு அட்டையில் இருப்பது பாங்காக் முறையிலான சொம் தாம் தாய். பனைவெல்லம், வேர்க்கடலை, காய்ந்த இறால் எல்லாம் போட்டு இனிப்பும் புளிப்புமாக வரும். தாளில் எழுதியிருந்தது வடகிழக்கு ஈசான் பகுதியின் முறை. அதில் ப்ளா ரா ஊற்றுவார்கள். ஆற்று மீனை உப்பும் வறுத்த அரிசியோ தவிடோ சேர்த்து மாதக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் சாறு அது. அக்கா என்னிடம், “வேண்டாம் தங்கச்சி, வாசம் பலமாக இருக்கும், வெளியூர்க்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்” என்றார். நான் கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவள் என்பதை அவருக்குப் புரியவைக்க, கைப்பேசியில் நெத்திலிக் கருவாட்டின் படத்தையே எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. அவர் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார், பிறகு அடுப்படியைப் பார்த்து ஏதோ உரக்கச் சொன்னார், உள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். நேற்று எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அதுதான். சிறிது நேரத்தில் மண் உரலில் மர உலக்கை விழும் ‘பொக் பொக்’ சத்தம் கேட்டது. காயை அவர்கள் நசுக்குவதில்லை. ஒரு கையால் இடித்து மறுகையால் கரண்டியில் புரட்டிக்கொண்டே இருப்பதால், காய் மொறுமொறுப்பு மாறாமல் சாற்றை மட்டும் இழுத்துக்கொள்கிறது. அதை ஒட்டரிசியோடு கையால்தான் சாப்பிட வேண்டும்: சிறு மூங்கில் கூடையிலிருந்து ஒரு பிடி எடுத்து, விரல் நுனியில் உருட்டி, சாற்றில் தொட்டு வாயில் போட வேண்டும்.

இப்போது அந்தக் காய்கறித் தட்டு. இதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. சொம் தாமோடு முட்டைக்கோஸ் ஒரு கீற்று, பச்சைக் காராமணிக்காய் நான்கு, துளசி ஒரு கொத்து வந்தன. தாய்லாந்தில் ஈசான் உணவு விற்கும் கடைகளில் இது கேட்காமலேயே வரும், காசு கிடையாது. ஹாட்யாயிலும் பாங்காக்கிலும் நான் சாப்பிட்ட கடைகளில் அப்படித்தான் தந்தார்கள். இங்கே ரசீதில் தனியாக 2 வெள்ளி, அதாவது 2 சிங்கப்பூர் டாலர். அதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், இரண்டும் சேர்ந்த தொகைக்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2 வெள்ளி 40 காசு. தொகை சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரத்தைத் தணிக்க நடுநடுவே கடிக்கும் அந்தக் கோஸ் இல்லாமல் இந்த உணவு முழுமையடையாது; தோசைக்குச் சட்னியைத் தனி விலையில் போடுவது போன்றது அது. வாடகை ஏறிவிட்டது என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் சொம் தாமின் விலையிலேயே 2 வெள்ளியைச் சேர்த்துவிடுங்கள், நான் முணுமுணுக்காமல் கொடுப்பேன். இதை அக்காவிடமும் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

மூன்றாவதாகக் கெங் சொம். தேங்காய்ப்பால் இல்லாத புளிக்கறி. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், இறால் விழுது ஆகியவற்றை அரைத்து, வேகவைத்த மீனின் சதையையும் அதோடு சேர்த்து இடித்துவிடுகிறார்கள். குழம்புக்குத் திண்மை அதிலிருந்துதான் வருகிறது. நம் மீன் குழம்பில் எண்ணெய் காய்ந்து, தாளித்து, மசாலா வதங்கியாக வேண்டும். இங்கே விழுது நேராகக் கொதிநீரில் இறங்கிவிடுகிறது, எண்ணெய் ஒரு சொட்டுகூட மேலே மிதக்கவில்லை. அதனால் புளி துல்லியமாக, தனியாகத் தெரிகிறது. அதற்குள் சா-ஓம் என்ற கீரையைப் போட்டுப் பொரித்த முட்டை அடையைச் சதுரமாக வெட்டி மிதக்கவிட்டிருந்தார்கள். அந்தக் கீரையின் கொழுந்துக்குப் பச்சையில் கடுமையான வீச்சம் உண்டு. முட்டையில் வெந்ததும் அது அடங்கி, அடை குழம்பைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. சுடச்சுட வெறும் சோற்றில் இதைப் பிசைந்து சாப்பிட்டபோது, பச்சைக் கறிக்கு இனி நான் திரும்பப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சைவம் சாப்பிடும் நேயர்கள் பின்னூட்டத்தில் கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மீன் சாறும் இறால் விழுதும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும், ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘ஜே’ என்று கேளுங்கள். பூண்டு, வெங்காயம்கூட இல்லாத நோன்புச் சமையலுக்கு அவர்கள் சொல்லும் சொல் அது. இந்தக் கடையில் அப்படிச் செய்து தருவதாக அக்கா சொன்னார்.

முக்கியமான ஒன்றை மறந்துவிட்டேன். தாளின் கடைசி வரியைக் கைப்பேசி ‘சீனப் பலகாரம்’ என்று காட்டியது, இனிப்பு என்று நினைத்து நான் அதைத் தாண்டிவிட்டேன். வெளியே வரும்போது பக்கத்து மேசைக்காரர் ஒருவர்தான் திருத்தினார். அது கனோம் ஜீன்: அரிசி மாவைத் துளையுள்ள அச்சில் வைத்துக் கொதிநீருக்குள் நேராகப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் அலசி, கையால் சிறு சுருள்களாகச் சுற்றி வைப்பது. நாம் பிழிந்து ஆவியில் வேகவைக்கும் இடியாப்பத்துக்கு இது நெருங்கிய உறவு. அதன்மேல் மீனை இடித்துத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய ‘நாம் யா’ என்ற குழம்பை ஊற்றுவார்களாம். இடியாப்பமும் மீன் குழம்பும் சாப்பிடும் வீட்டில் பிறந்த எனக்கு, இத்தனை நாள் எதிர்க்கடையிலேயே இது இருந்தும் தெரியாமல் போனது பெரும் வருத்தம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் செய்கிறார்கள், மதியம் ஒரு மணிக்குள் தீர்ந்துவிடுகிறதாம். வரும் ஞாயிறு பதினொரு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். கேமராவையும் கொண்டுபோகிறேன், அடுப்படியைத் தவிர எங்கே வேண்டுமானாலும் படம் எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.