வேண்டாம் என்றவளிடம் காரணம் கேட்டீர்களா?

(கோத்தகிரியில் மகளிர் குழுக்கள் சேர்ந்து நடத்திய பட்டிமன்றம். தலைப்பு: 'கருத்தடைக்கு ஹார்மோன் வேண்டாம் என்று பெண் முடிவெடுப்பது அறிவாலா, அச்சத்தாலா?' 'அறிவாலே' அணிக்காகக் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் பேசியது.)

நடுவர் அம்மா அவர்களே, எதிரணிப் பேச்சாளர்களே, கொழுந்து எடுத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, பின்னால் நிற்கும் அண்ணன்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். அண்ணன்மார் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். நான் பேசப்போவதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா சொன்னது இதுதான்: மாத்திரை பெண்ணுக்கு விடுதலை தந்தது; அதை வேண்டாம் என்பவர்கள் பக்கத்து வீட்டுக் கதையைக் கேட்டுப் பயந்தவர்கள்; அதை விட்டால் நம்பகமான வழியும் இல்லை. முதலில் சொன்னதை நான் மறுக்க மாட்டேன். மாத்திரையால் உதிரப்போக்கு குறைந்து ரத்தசோகை தணிந்தவர்கள் உண்டு. சினைப்பைப் புற்று வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதும் உண்மை. விரும்பிச் சாப்பிடும் பெண்ணோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. வேண்டாம் என்கிற பெண்ணைப் பார்த்து 'பயம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்களே, அதோடுதான் என் வழக்கு.

இந்தப் பழக்கம் மாத்திரையோடு கூடவே பிறந்தது, நடுவர் அம்மா. 1956-ல் ப்யூர்ட்டோ ரிக்கோ தீவில் ஏழைப் பெண்களிடம் முதல் கருத்தடை மாத்திரையைச் சோதித்தார்கள். அங்கே பொறுப்பில் இருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே ஒரு பெண். நூற்றுக்கு 17 பேருக்குக் குமட்டல், மயக்கம், தலைவலி, வாந்தி என்று எழுதி அனுப்பினார். பக்கவிளைவுகள் அதிகம், பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதல்ல என்றும் சொன்னார். மேலே இருந்த ஆண் விஞ்ஞானிகள், எல்லாம் மனப்பிரமை என்று தள்ளிவிட்டார்கள். 1960-ல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. 1970-ல் அந்நாட்டு செனட் சபையில் மாத்திரையின் ஆபத்து பற்றி விசாரணை நடந்தபோது, மாத்திரை சாப்பிட்ட ஒரு பெண்ணையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் மாத்திரை அட்டையோடு எச்சரிக்கைச் சீட்டு வந்தது. இன்றைய மாத்திரையில் ஹார்மோன் அளவு அன்றைக்கு இருந்ததில் ஒரு சிறு பங்குதான். இவ்வளவும் 'பயந்த' பெண்கள் வாய் திறந்ததால் நடந்தது.

இப்போது நம்ம மலைக்கு வருவோம். ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் ஒரு தங்கை என்னிடம் சொன்னாள்: "அக்கா, இந்த மாத்திரை சாப்பிட்டா காரணமே இல்லாம அழுகை வருது. பிள்ளை மேல எரிஞ்சு விழறேன். நிறுத்தினேன், சரியாச்சு. மறுபடி ஆரம்பிச்சுப் பார்த்தேன், திரும்பவும் வந்துருச்சு. எனக்கு வேண்டாம்." அவள் எட்டாவதோடு நின்றவள். ஆனால் என்ன செய்திருக்கிறாள் பாருங்கள்! நிறுத்திப் பார்த்தாள், தொடங்கிப் பார்த்தாள், ஒப்பிட்டாள், முடிவெடுத்தாள். இதை அச்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டென்மார்க்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஹார்மோன் கருத்தடை எடுப்பவர்கள், முக்கியமாகப் பதின்வயதுப் பெண்கள், மனச்சோர்வுக்கு மருந்து தொடங்குவது கூடுதலாக இருந்தது. இதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. ஆனால் அந்தத் தங்கை சொன்னதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்கு அது போதும்.

இன்னும் சிலருக்கு மருத்துவமே வேண்டாம் என்கிறது. கண்முன் ஒளிக்கீற்று மின்னிவிட்டு வரும் ஒற்றைத் தலைவலிக்காரர், ரத்த அழுத்தம் கூடியவர், ரத்தம் உறைந்து கட்டிய வரலாறு உள்ளவர், பிரசவமான புதிதில் பால் கொடுப்பவர், இவர்களுக்கு மாலா-என் போன்ற ஹார்மோன் மாத்திரை ஆகாது. டிபிக்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் மாத்திரையின் பலன் குறைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசியும் ஹார்மோன்தான். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மாத்திரையையாவது நாளைக்கே நிறுத்தலாம், ஊசியை உடம்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. மூன்று மாதம் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, வேறு வழி என்ன என்று கேட்டார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன். கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி-யில் ஹார்மோன் இல்லை. 380ஏ வகை பத்து ஆண்டு நிற்கும். நூறு பேரில் ஓர் ஆண்டில் ஒருவருக்குக்கூட கரு தங்குவது அரிது. மாத்திரையோ, மறதியும் வாந்தியும் கலந்த நிஜ வாழ்க்கையில், நூறில் ஏழு பேரைக் கைவிடுகிறது. அப்படியென்றால் நம்பகத்தில் எது மேல்? ஆனால் காப்பர் டி போட்ட முதல் மாதங்களில் உதிரப்போக்கு அதிகமாகலாம், வலி வரலாம். கூடை கட்டிக்கொண்டு சரிவில் நிற்கும் பெண்ணுக்குத் துணி மாற்ற மறைவிடம் எங்கே இருக்கிறது? தேயிலைக் காட்டில் கழிப்பறை இல்லாத குறையும் கருத்தடையின் கணக்கில்தான் சேரும், அம்மா. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவர், அரிவாள் செல் என்னும் பரம்பரை ரத்த நோய் உள்ள பழங்குடிப் பெண், இவர்கள் மருத்துவரிடம் பேசிவிட்டே முடிவெடுக்க வேண்டும். பிரசவ அறையில் வலியோடு கிடப்பவளிடம் கேட்காமல் காப்பர் டி வைப்பதையும் நான் இதே வாயால் எதிர்க்கிறேன்.

சாயா என்னும் கருத்தடை மாத்திரை லக்னோ ஆய்வகத்தில் நம் நாட்டவர் கண்டது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அதில் ஹார்மோன் இல்லைதான், ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் வேலை செய்யும் இடத்தில் போய்த் தடுக்கிறது, மாதவிலக்கு தள்ளிப்போகலாம். அதையும் சொல்லித்தான் கையில் கொடுக்க வேண்டும்.

நாள் பார்க்கும் முறை சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருபவருக்கு மட்டும் பொருந்தும். எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை சேரக்கூடாது, அல்லது ஆணுறை வேண்டும். சரியாகக் கடைப்பிடித்தாலும் ஓர் ஆண்டில் நூறில் ஐந்து பேருக்குத் தவறும். நடைமுறையில் 12 பேருக்கு. காலை எழுந்ததும் உடல் வெப்பம் பார்க்கும் முறையும் உண்டு. தேயிலை பேக்டரியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வருபவளுக்கு அது தோதுப்படாது. குடித்துவிட்டு வரும் கணவன் இருக்கிற வீட்டில் எந்த நாள்கணக்கும் நிற்காது. அப்படிப்பட்ட வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

ஆணுறை முறையாகப் பயன்படுத்தினால் நூறில் இரண்டு, நடைமுறையில் 13 பேருக்குத் தவறுகிறது. ஆனால் பால்வினை நோயையும் தடுப்பது, இங்கே சொன்னவற்றில் அது ஒன்றுதான்.

இப்போது அண்ணன்மாரிடம் வருகிறேன். 1950-களின் பிற்பகுதியில் ஆண்களுக்கான கருத்தடை அறுவையை நாட்டிலேயே முன்னின்று நடத்தியது நம் மதராஸ் மாநிலம். பிறகு நெருக்கடிநிலைக் காலத்தில் ஆண்களைக் கட்டாயப்படுத்திப் பிடித்துப்போய்ச் செய்த கொடுமையில் அந்தச் சிகிச்சையின் பெயரே கெட்டது. அந்தக் காயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் 1974-லேயே சீன மருத்துவர் லி ஷுன்சியாங் கத்தி வைக்காத முறையைக் கண்டுவிட்டார். சின்னத் துளை போதும். அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போகலாம். மூன்று மாதம் ஆணுறை, பிறகு விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான். ஆண்மை குறையாது, பாரம் தூக்கும் பலமும் குறையாது. ஆனால் இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் உறுதியான பிறகு செய்வது அது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.1 சதவீதம்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவர் ஓர் ஆண். அண்ணா, மாத்திரை வேண்டாம் என்கிற பெண் அச்சத்தால் சொல்கிறாள் என்கிறது உங்கள் அணி. அந்த 0.1-க்கு என்ன காரணம் என்பதை மட்டும் இந்த மேடையில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வணக்கம்.