ஓட்டலில் தங்காத பயணம்

நேயர்களுக்கு வணக்கம்.

ரோட்டரிக்காரர்கள் வெளிநாடு போகிறார்கள் என்றால் ஊரில் ஒரு நமட்டுச் சிரிப்பு இருக்கும். ‘சேவைங்கிற பேர்ல சுற்றுலா’ என்பார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. விமான நிலையத்தில் பேனர் பிடித்து ஒரு படம், போன ஊர் மேடையில் பொன்னாடை போர்த்தி ஒரு படம், திரும்பி வந்து வாராந்திரக் கூட்டத்தில் அத்தனையும் திரையில். அப்படிப் போய்வந்த குழுக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஈரோட்டிலிருந்து நாங்கள் சில குடும்பங்கள் ஜப்பானுக்குப் போய்வந்தது அப்படி முடியவில்லை. அந்தப் பெருமை எங்களுடையது அல்ல, திட்டத்தை வகுத்தவர்களுடையது.

ரோட்டரி நட்புறவுப் பரிமாற்றம் என்று அதற்குப் பெயர். விமானக் கட்டணம் போகிறவர் கைக்காசு. போன ஊரில் அங்குள்ள ரோட்டரி உறுப்பினர்களின் வீட்டில்தான் தங்குவது, சாப்பிடுவது எல்லாம். அப்புறம் அவர்கள் நம் ஊருக்கு வருவார்கள். அதே உபசாரத்தை நாம் செய்ய வேண்டும். இதற்கு முன்னோடி என்று 1965இல் தொடங்கிய குழு ஆய்வுப் பரிமாற்றத்தைச் சொல்லலாம். ரோட்டரியில் இல்லாத இளம் வயதுக்காரர்கள், ஆசிரியர், பொறியாளர், பத்திரிகையாளர் என்று நான்கைந்து பேரை ஒரு ரோட்டரிக்காரர் தலைமையில் நான்கு முதல் ஆறு வாரம் வரை வேற்று நாட்டு வீடுகளில் தங்கவைத்தார்கள். 2013இல் அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு.

நாங்கள் தங்கியது மிஷிமா என்ற ஊரில். ஷிசுவோகா மாநிலம், ஃபூஜி மலையின் தெற்குப் பக்கம். டோக்கியோவிலிருந்து புல்லட் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. எங்களுக்கு அமைந்தது வயதான ஒரு தம்பதியின் வீடு. வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் உள்ளே போட ஒரு செருப்பு, கழிப்பறைக்குள் மட்டும் போட இன்னொன்று என்று வைத்திருந்தார்கள். பாய் விரித்த அறைக்குள் எந்தச் செருப்பும் ஆகாது. முதல் நாள் இதிலேயே ஒரு கண்ணாகத் திரிந்தோம்.

இரவு குளிக்கக் கூப்பிட்டார்கள். ஆழமான ஒரு தொட்டி நிறையச் சுடுதண்ணீர், மூடி போட்டு வைத்திருந்தது. வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே தண்ணீர்தான். விருந்தாளிக்கு முதல் மரியாதை. என் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நாம இறங்கின தண்ணியிலயா அவங்க குளிப்பாங்க?” என்றாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருந்த சின்ன முக்காலியையும் வாளியையும் காட்டினார். அங்கே உட்கார்ந்து சோப்பு போட்டு, தலை முதல் கால் வரை அலசிவிட்ட பிறகுதான் தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள மட்டும்.

சாப்பாடு வேறு கதை. எங்களில் சைவக்காரர்கள் இருந்தார்கள். காய்கறி சூப் என்று கொடுத்தால் அதிலும் மீன் வாசனை. சூரை வகை மீனை அவித்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்துச் சீவிப் போட்டுக் கொதிக்கவைக்கும் சாறுதான் அந்த ஊர்ச் சமையலுக்கே அடித்தளம். தூத்துக்குடிப் பக்கம் மாசிக்கருவாடு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இரண்டும் ஒரே சூரை மீன்தான். சைவக்காரர்களுக்காக அந்த அம்மா மறுநாள் புத்தக் கோயில்களின் மரக்கறிச் சமையல் முறைக்குப் போய்விட்டார். காய்ந்த கடல்பாசியையும் காளானையும் ஊறவைத்து அதே சாற்றை மீன் இல்லாமல் வைத்தார். எங்களுக்குத் தெரியாமல் அக்கம்பக்கத்தில் விசாரித்துச் செய்தது அது.

சங்கக் கூட்டத்துக்கும் போனோம். மதியம் பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் எழுந்து நின்று ஒரு பாட்டு, பிறகு சாப்பாடு. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, முதுகுவலி சரியானது என்று ஆளுக்கொரு மகிழ்ச்சியான காரணம் சொல்லி ஓர் உண்டியலில் பணம் போடுகிறார்கள். அது சேவைக்குப் போகும். விருந்தினர் பேச்சுக்கு அரை மணி. ஒன்றரைக்குத் தலைவர் கை மணியை நோக்கிப் போய்விடும். நம் ஊரில் வரவேற்புரை முடியவே அவ்வளவு நேரம் ஆகும்!

பக்கத்து ஊரான நாகாயிசுமியில் ஒரு நினைவகம் இருக்கிறது. 1920இல் டோக்கியோவில் ஜப்பானின் முதல் ரோட்டரி சங்கத்தைத் தொடங்கிய யோனெயாமா உமேகிச்சி என்ற வங்கியாளருடையது. 1940இல் போர்ச்சூழல் நெருக்கியபோது ஜப்பானியச் சங்கங்கள் ரோட்டரியிலிருந்து விலகின. டோக்கியோ உறுப்பினர்கள் ‘புதன்கிழமைச் சங்கம்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு கூடிவந்தார்கள். 1949இல் மீண்டும் சேர்ந்தபோது யோனெயாமா உயிரோடு இல்லை. 1952இல் அவர் நினைவாக ஒரு நிதி தொடங்கினார்கள்: உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு சிகரெட் பாக்கெட்டை மிச்சம் பிடித்து அந்தக் காசைத் தர வேண்டும், அதில் ஆசிய மாணவர்களைப் படிக்கவைக்க வேண்டும். போரில் தோற்ற நாடு, அடிபட்ட ஆசிய நாடுகளின் பிள்ளைகளைக் கூப்பிட்டது. முதல் மாணவர் தாய்லாந்துக்காரர். இதுவரை 20,000 பேருக்கு மேல் படித்திருக்கிறார்கள்.

எனக்கு அதைவிட மனசில் நின்றது மிஷிமாவின் நடுவே ஓடும் கென்பே ஆறு. ஆறு என்ன, வாய்க்கால்தான். நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர். ஃபூஜி மலை ஊற்றுத் தண்ணீர். 1960களில் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரை உறிஞ்சியதும் ஊற்று வற்றி, வாய்க்கால் சாக்கடையானது. 1992இல் ஊரிலுள்ள பல அமைப்புகள் ‘கிரவுண்ட்வொர்க் மிஷிமா’ என்ற பெயரில் ஒன்றுசேர்ந்து குப்பையை அள்ளின. ஒரு தொழிற்சாலை, இயந்திரத்தைக் குளிர்வித்த சுத்தமான நீரை வாய்க்காலுக்குத் திருப்பிவிடச் சம்மதித்தது. இன்று தண்ணீருக்குள்ளேயே போட்ட கற்களில் கால்வைத்து நடக்கலாம், மின்மினியும் திரும்பிவிட்டது. எங்களைத் தங்கவைத்த பெரியவர் ஓரிடத்தில் குனிந்து, மிதந்துவந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். எங்கள் ஈரோட்டுக் காலிங்கராயன் வாய்க்காலில் சாயக்கழிவையும் தோல்கழிவையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை.

இதையெல்லாம் ஓட்டல் அறையிலிருந்து பார்த்திருக்க முடியாது. அதனால்தான் இப்போது எங்கள் சங்கத்தில் ஒரு வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பொங்கலை ஒட்டி மிஷிமாக்காரர்கள் ஈரோடு வருகிறார்கள். ‘வீட்டில் வசதி பத்தாது, நல்ல ஓட்டலில் போட்டுவிடலாம்’ என்கிறார்கள் பலர். கூச்சம்தான் காரணம், சுண்ணாம்பு அடிக்கவில்லை, மின்சாரம் போகும், மருமகளுக்கு ஆங்கிலம் வராது. எனக்கும் ஜப்பானிய மொழி வராது. அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஒரு வாரம் பேசிக்கொண்டுதானே இருந்தோம்!

வருகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். காரம் குறைத்த சாம்பார், காய்ச்சி ஆறிய தண்ணீர், மேற்கத்தியக் கழிப்பறை, மாடிப்படி ஏறாத அறை, இவ்வளவுதான் தேவை. ரோட்டரியில் இல்லாத குடும்பங்களும் தங்கவைக்கலாம். ஈரோடு, பெருந்துறை, பவானிப் பக்கம் இருக்கிற நேயர்கள் யாருக்காவது விருப்பம் இருந்தால், உங்கள் ஊர் ரோட்டரி சங்கத்தில் மார்கழிக்குள் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நன்றி, வணக்கம்.