செய்தியில் 5.2, சம்பளச் சீட்டில் 4.99: அமெரிக்க அரசு ஊழியர் சம்பள உயர்வு

அடுத்த கேள்வி, நம்ம மலேசியாவுல பட்டர்வொர்த்துல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. மகன் அமெரிக்காவுல, மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன்ல மத்திய அரசு வேலையில இருக்காராம். "2024-ல அரசு ஊழியர்களுக்கு 5.2 சதவீதம்னு செய்தியில சொன்னாங்க. அவனுக்கு ஏறினது 4.99தான். மீதி எங்க போச்சு? இதை யாருங்க முடிவு பண்றாங்க?"

மீதி எங்கயும் போகலைம்மா. 5.2-ங்கிறது நாடு முழுக்க எடுத்த சராசரி. அதுல எல்லாருக்கும் பொதுவா அடிப்படைச் சம்பளத்துல 4.7. அது போக வட்டாரப் படிக்குச் சராசரியா 0.5. இந்த வட்டாரப் படியை நம்ம ஆளுங்க இங்க அரசு ஊழியர்களுக்குக் கொடுக்கிற பந்துவான் சாரா ஹிடுப் (வாழ்க்கைச் செலவு உதவி) மாதிரி நினைச்சுக்கிறாங்க. அது இல்லைங்க. அந்த ஊர்ல விலைவாசி எப்படின்னு பார்த்துக் கொடுக்கிறது இல்ல. அதே மாதிரி வேலைக்கு அங்க தனியார்ல என்ன சம்பளம்னு பார்த்து, அடிப்படை மேல சதவீதமா போடுறது. வாஷிங்டன் வட்டாரத்துல 2023-ல 32.49 இருந்தது 2024-ல 33.26 ஆச்சு. ஜாக்சன் தனி வட்டாரம் இல்ல, 'மற்ற பகுதிகள்'ங்கிற பொதுக் கணக்குல வருது. அங்க 16.50 இருந்தது 16.82.

இப்ப அடிப்படை 60,000 டாலர்னு வச்சுக்குங்க. 2023-ல படியோட சேர்த்து 69,900. 2024-ல அடிப்படை 62,820, அதுக்கு மேல 16.82 சதவீதம் போட்டா 73,386. ஏறினது 3,486. அதை 69,900-ஆல வகுத்தா 4.99. சில பேர் 4.7-ஓட 0.32-ஐக் கூட்டி 5.02-னு சொல்லுவாங்க, அது தப்பு. இங்க கூட்டல் வேலைக்கு ஆகாது, பெருக்கணும். வாஷிங்டனுக்கு இதே கணக்கைப் போட்டா 5.31 வரும்.

யார் முடிவு பண்றாங்கன்னா, 1990-ல போட்ட சட்டத்துலயே ஒரு வாய்ப்பாடு இருக்கு. தனியார் துறைச் சம்பளம் செப்டம்பர் வரைக்கும் 12 மாசத்துல எத்தனை சதவீதம் ஏறிச்சுன்னு பார்த்து, அதுல 0.5-ஐக் கழிக்கணும். ஆனா அந்தக் கணக்கு 15 மாசம் பழசு. 2024 ஜனவரிக்கு எடுத்தது 2022 செப்டம்பர் கணக்கு: 5.2, கழிச்சா 4.7. (இந்த 5.2 வேற, செய்தியில வந்த 5.2 வேற. குழப்பிக்காதீங்க.) அதனால விலைவாசி எகிறுற வருஷம் உயர்வு பின்னாடியேதான் வரும்.

வாய்ப்பாடு இருந்தாலும் கடைசிப் பேச்சு அதிபருடையது. பொருளாதார நிலைமை சரியில்லைன்னு காரணம் காட்டி, ஆகஸ்ட் மாசம் முடியறதுக்குள்ள மாற்றுத் திட்டம் அனுப்பலாம். நாடாளுமன்றம் வேற எண்ணைச் சட்டமா போட்டா அது நிக்கும்; சும்மா இருந்தா அதிபர் எண்ணே நிக்கும். பெரும்பாலும் சும்மாதான் இருப்பாங்க. 2025-க்கு வாய்ப்பாட்டுப்படி அடிப்படையில 4.0 வரணும், கிடைச்சது 1.7. 2026-க்கு 3.3 வரணும், பொதுவா 1.0தான் கொடுத்தாங்க, வட்டாரப் படியும் ஏறலை. 2011-ல இருந்து 2013 வரைக்கும் மூணு வருஷம் பொது உயர்வே கிடையாது. இப்படி ஒரு வருஷம் குறைஞ்சா, அடுத்த வருஷச் சதவீதம் அந்தக் குறைஞ்ச தொகை மேலதான் ஏறும். விட்டது தானா திரும்பி வராது.

நம்ம கேஜிடி (வருடாந்திரச் சம்பள உயர்வு) மாதிரி அங்க இருக்கிறது படிநிலை உயர்வு. ஒவ்வொரு கிரேடுலயும் 10 படிநிலை. நாலாவது படிநிலை வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணு, ஏழு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, அப்புறம் மூணு வருஷத்துக்கு ஒண்ணு. உச்சிக்குப் போக 18 வருஷம். ஜனவரி உயர்வு இதுல சேராது. அதை எஸ்எஸ்பிஏ-ல, அதாவது மலேசிய அரசு ஊழியர்களோட புதுச் சம்பள முறையில, 2024 டிசம்பர் 1-ல இங்க பெரும்பாலானவங்களுக்குக் கொடுத்த 8 சதவீதத்தோட வேணா ஒப்பிடலாம், ஆனா அங்க அது வருஷா வருஷம் பேசற விஷயம்.

இன்னொண்ணு. உயர்வு எல்லா வருஷமும் ஜனவரி 1-லயே வந்துடாது. அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ தொடங்குற முதல் சம்பளக் காலத்துல இருந்துதான். 2024-ல அது ஜனவரி 14. மருத்துவக் காப்புறுதிப் பிடித்தமும் ஜனவரியிலதான் மாறும். அதனால கைக்கு வர்ற தொகையைப் பார்த்துக் கணக்குப் போடாம, சம்பளச் சீட்டுல அடிப்படை ஒரு வரி, வட்டாரப் படி ஒரு வரி, அந்த ரெண்டையும் மட்டும் போன வருஷத்தோட ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கம்மா.