லண்டன் தெருவில் ஒரு முள் சீத்தா: குடியேறியவர்களுக்கு எப்படிச் சிலை வைக்கிறது?

(காட்சி: வாட்டர்லூ ரயில் நிலையம், மாலை நேரக் கூட்டம்)

2022 ஜூன் 22. லண்டன்ல ஒரே நாள்ல ரெண்டு இடத்துல சிலை திறந்தாங்க. ரெண்டுமே கரீபியன் தீவுகள்ல இருந்து பிரிட்டன்ல குடியேறினவங்களுக்கான மரியாதை. ஒண்ணு வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குள்ள, இன்னொண்ணு கிழக்கு லண்டன்ல ஹாக்னி டவுன் ஹால் வாசல்ல. ஆனா முந்தின அக்டோபர்லயே அதே ஹாக்னியில இன்னொரு சிற்பம் வந்தாச்சு. அதுல மனுஷங்களே கிடையாது. மூணு பழம், அவ்வளவுதான். என்னைக் கேட்டா, இந்த மூணு படைப்புல அதுதான் ஒசத்தி. ஏன்னு சொல்றேன்.

(காட்சி: கப்பலின் கறுப்பு வெள்ளைப் படம்)

அந்தத் தேதியை ஏன் பிடிச்சாங்க? 1948 ஜூன் 22 அன்னைக்குத்தான் எம்பயர் விண்ட்ரஷ்ங்கிற கப்பல்ல வந்தவங்க, லண்டனுக்குக் கிழக்கே டில்பரி துறைமுகத்துல இறங்கினாங்க. போர் முடிஞ்சு மூணு வருஷம் ஆகியிருந்துச்சு, பிரிட்டன்ல வேலைக்கு ஆள் பத்தல. ஜமைக்கா, டிரினிடாட் எல்லாம் அப்போ பிரிட்டிஷ் காலனி, அதனால அங்க இருந்தவங்க தாராளமா வரலாம். கப்பல்ல இருந்தது ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனா அடுத்த இருபத்தஞ்சு வருஷத்துல வந்த அத்தனை பேருக்கும் விண்ட்ரஷ் தலைமுறைன்னே பேர் நிலைச்சுப்போச்சு. பஸ் ஓட்டினவங்க, ஆஸ்பத்திரியில நர்ஸா நின்னவங்க எல்லாம் இதுல அடக்கம்.

(காட்சி: வாட்டர்லூ சிலை, கேமரா மேலிருந்து மெதுவாகக் கீழே இறங்குகிறது)

வாட்டர்லூ சிலையைச் செஞ்சவர் ஜமைக்காவுல பிறந்த பேசில் வாட்சன். 12 அடி உயர வெண்கலம். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போற மாதிரி உடுத்தின ஆண், பெண், குழந்தை. அவங்க காலுக்குக் கீழ பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின ஏழு சூட்கேஸ். டில்பரியில இறங்கினவங்களுக்கு வாட்டர்லூவுல எதுக்குச் சிலைன்னு கேட்கலாம். அப்புறம் வந்த நிறைய கப்பல்கள் சவுதாம்ப்டனுக்குத்தான் வந்துச்சு. அங்க இருந்து ரயில் ஏறினவங்க லண்டன்ல முதல்ல கால் வெச்சது இந்த ஸ்டேஷன்லதான்.

செலவு 10 லட்சம் பவுண்டு, கொடுத்தது அரசாங்கம். உறுத்தறது இங்கதான். 1973க்கு முன்னாடி வந்து தங்கினவங்களுக்கு நிரந்தரமா இருக்க உரிமை உண்டு. ஆனா அதுக்கான காகிதத்தைப் பலருக்குக் கொடுக்கவே இல்லை. 2012ல இருந்து விதிகளை இறுக்கினாங்க. வேலையா, வாடகை வீடா, வைத்தியமா, எதுக்குப் போனாலும் காகிதத்தைக் காட்டணும். சின்னப் புள்ளையா வந்து, காலமெல்லாம் வரி கட்டினவங்களை வயசான காலத்துல "நீ யாரு?"ன்னு கேட்டாங்க. வேலை போச்சு, வீடு போச்சு, சிலரை நாடும் கடத்திட்டாங்க. அவங்க வந்து இறங்கின தேதிக்குச் சாட்சியா இருந்த பழைய வருகை அட்டைகளை உள்துறையே 2010ல அழிச்சிருந்துச்சு! 2018ல விஷயம் வெடிச்சதும் பிரதமர் தெரசா மே மன்னிப்புக் கேட்டார். நஷ்டஈடு கைக்கு வர்றதுக்குள்ள கண்ணை மூடினவங்களும் உண்டு. அந்த வெண்கல சூட்கேஸுகளைப் பார்க்கிறப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அந்த அட்டைங்கதான்.

சிலை நல்லா இல்லைன்னு சொல்லல. கம்பீரமாத்தான் இருக்கு. ஆனா அது அவங்களை வந்த அன்னைக்கே நிறுத்தி வெச்சுடுது. எழுபது வருஷம் வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்தவங்க இன்னும் பெட்டி மேலயே நிக்கிறாங்க.

(காட்சி: ஹாக்னி டவுன் ஹால்)

ஹாக்னியில தாமஸ் ஜே. பிரைஸ் வேற வழியில போனார். உள்ளூர்ல இருக்கிற விண்ட்ரஷ் குடும்பத்தாரை முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, பல முகங்களைக் கலந்து ரெண்டு உருவம் செஞ்சார். 9 அடி உயரம். தெருவுல போடற சாதாரண உடுப்பு, முகத்துல வீர தீரமெல்லாம் ஒண்ணும் கிடையாது. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க.

(காட்சி: நேரோ வே தெரு, தரை மட்டத்தில் கேமரா)

இப்போ பழங்களுக்கு வருவோம். ராம்சீத்தா, சீமைப்பலா, முள் சீத்தா. இலங்கைக்காரங்க சீமைப்பலாவை ஈரப்பலான்னு சொல்வாங்க. நிஜப் பழத்தைவிடப் பல மடங்கு பெருசு, பளிங்கிலயும் வெண்கலத்துலயும் செஞ்சது. பீடம் கிடையாது, வேலி கிடையாது. நடைபாதையிலயே கிடக்குது. முள் சீத்தாவோட முள்ளைக் கையால தடவிப் பார்க்கலாம்.

செஞ்சவங்க வெரோனிகா ரயன். 1956ல கரீபியன்ல இருக்கிற மான்செராட் தீவுல, பிளிமத் ஊர்ல பிறந்தவங்க. சின்ன வயசுல அம்மாவோட ஹாக்னியில ரிட்லி ரோடு சந்தைக்குப் போய் இந்த மாதிரிப் பழமெல்லாம் வாங்கின ஞாபகத்துல இருந்து வந்ததுதான் இந்தச் சிற்பம். குளிர் ஊர்ல ஒரு முள் சீத்தாவைத் தேடிப் பிடிச்சு வாங்கறதுன்னா என்னன்னு, வெளிநாட்டுல முருங்கைக்காய்க்கு அலைஞ்சவங்களுக்குத் தெரியும். ரயன் பிறந்த பிளிமத் இப்போ இல்லை. 1995ல சூஃப்ரியர் ஹில்ஸ் எரிமலை குமுற ஆரம்பிச்சு, ஊரைக் காலி பண்ணி, கடைசியில தீவோட தலைநகரே சாம்பலுக்குள்ள புதைஞ்சுபோச்சு.

சீமைப்பலாவுக்கும் தனியா ஒரு கதை இருக்கு. அது கரீபியன் மரமே இல்லை, பசிபிக் தீவுகளோடது. கரீபியன் தோட்டங்கள்ல அடிமைகளுக்கு மலிவா வயித்தை நிரப்பணும்னு, டஹிட்டியில இருந்து கன்று எடுத்துவர பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கேப்டன் பிளையை அனுப்பினாங்க. 1789ல அவரோட பௌன்டி கப்பல்ல கலகம் வெடிச்சு, கன்றெல்லாம் கடலுக்குள்ள போச்சு. மனுஷன் விடல. இன்னொரு கப்பல் எடுத்துப் போய், 1793ல செயின்ட் வின்சென்ட்டுலயும் ஜமைக்காவுலயும் கொண்டுவந்து இறக்கிட்டார். முதலாளிங்க கணக்குப் பண்ணி நட்ட அந்தக் காயைத்தான் இன்னைக்கு ஜமைக்கா வீடுகள்ல தணல்ல சுட்டு, தோலைச் சீவி, ஆசையாச் சாப்பிடறாங்க.

இத்தனையும் சொல்ல ரயனுக்கு ஒரு மனுஷ உருவம்கூடத் தேவைப்படல. 2022ல பிரிட்டனோட பேர்பெற்ற கலைப் பரிசான டர்னர் பரிசு கொடுத்தப்போ அவங்களுக்கு 66 வயசு. அந்தப் பரிசை வாங்கினவங்கள்லயே மூத்தவர் அவங்கதான்.

லண்டன் போறவங்க ஹாக்னி சென்ட்ரல் ஸ்டேஷன்ல இறங்குங்க. பழங்களும் டவுன் ஹால் சிலைகளும் நடக்கிற தூரம்தான், டிக்கெட் கிடையாது. நேரம் இருந்தா ரிட்லி ரோடு சந்தைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.