குளவி பாட்டும் மூணு பாயிண்டும்

வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்து உக்காருங்க, முதல் வரிசை எப்பவும் போல காலியாதான் கெடக்கு.

தலைவர் அறிமுகப்படுத்தும்போது அமெரிக்கால இருக்க ஜார்ஜியான்னு சொல்லிட்டாரு, பாவம் அவர் மேல தப்பில்ல, எனக்கே மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் அந்த ஒரு ஜார்ஜியாதான் தெரியும். நான் பேச வந்தது கருங்கடல் ஓரத்துல இருக்க ஜார்ஜியா, மேல ரஷ்யா, கீழ துருக்கியும் அர்மீனியாவும். மொத்த ஜனமே நாப்பது லட்சத்துக்குள்ளதான், நம்ம சென்னைய விட கம்மி. எங்க அக்கா பையன் அங்க தலைநகர் திபிலிசில டாக்டருக்கு படிக்கிறான், நம்ம ஊர் பசங்க நெறைய பேர் போறாங்கல்ல, அந்த கூட்டத்துல இவனும் ஒருத்தன்.

இவன் எனக்கு போன் பண்ணி "மாமா"ன்னு ஆரம்பிச்சா அவன் வாடகைக்கு இருக்க வீட்டுக்கார அம்மா சமையக்கட்டுல இருந்து எட்டி பாத்து எனக்கு கையாட்டும். ரொம்ப மரியாதையா ஆட்டும். நானும் ஆட்டுவேன். ஏன்டா இந்தம்மா இவ்ளோ பாசமா இருக்குன்னு கேட்டா அப்புறம்தான் சொல்றான், அவங்க பாஷைல மாமான்னா அப்பாவாம்! அம்மாவுக்கு தேதா. ஆக ஒரு வருஷமா நான் அந்த வீட்டுல இவனுக்கு அப்பாவா இருந்திருக்கேன், எங்க மச்சான் அடுத்த லைன்ல வந்தப்போ அந்தம்மா மூஞ்ச பாக்கணுமே.

சரி விஷயத்துக்கு வரேன். 2024 நவம்பர் 16, ராத்திரி, நம்ம டைமுக்கு ரொம்ப லேட்டு, இவன் போன். என்னடா எதுவும் பிரச்சனையான்னு பதறி எடுத்தா, "மாமா ஜெயிச்சிட்டோம்"ங்கறான். யாருடா நீங்க, என்னத்த ஜெயிச்சீங்க? வீட்டுக்கார அம்மா கதவ தட்டி சுர்ச்கேலான்னு ஒரு பண்டம், வால்நட்ட நூல்ல கோத்து திராட்சை கூழுல முக்கி மெழுகுவத்தி மாதிரி காய வெச்சிருப்பாங்க, அத ரெண்டு குடுத்துட்டு கண்ண தொடச்சிட்டு போயிருக்கு. மாட்ரிட்ல ஆந்திரியா புத்கராட்ஸேன்னு ஒரு சின்ன பையன் தன் அம்மாவுக்குன்னு ஒரு பாட்டு பாடி ஜூனியர் யூரோவிஷன்ல முதல் பரிசு வாங்கிட்டான், அதுக்குத்தான்.

பெரியவங்க யூரோவிஷன் உங்கள்ல பாதி பேருக்கு தெரிஞ்சிருக்கும், ஐரோப்பா பக்கத்து நாடுங்க ஆளுக்கொரு பாட்டு அனுப்பி ஒருத்தருக்கொருத்தர் பாயிண்ட் போட்டுக்கிற போட்டி. குழந்தைங்களுக்கானது 2003ல கோபன்ஹேகன்ல ஆரம்பிச்சது. இப்ப 9 வயசுல இருந்து 14 வரைக்கும் பாடலாம், பாட்டு பெரும்பகுதி அவங்க நாட்டு மொழில இருக்கணும், இங்கிலீஷ் கொஞ்சம் கலந்துக்கலாம், மூணு நிமிஷத்துக்குள்ள முடிச்சிரணும். ரொம்ப வருஷம் ஒரு பழக்கம் இருந்துச்சு, 2005ல இருந்து 2015 வரைக்கும், போட்டிக்கு வந்த எல்லா நாட்டுக்கும் எடுத்த எடுப்புலயே 12 பாயிண்ட் சும்மா குடுத்துருவாங்க. எந்த குழந்தையும் பூஜ்யத்தோட வீட்டுக்கு போகக்கூடாதுன்னு. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த போட்டிய புடிச்சு போச்சு, அப்புறம்தான் பாட்டெல்லாம்.

இப்ப ஜார்ஜியா கணக்க பாருங்க. பெரியவங்க போட்டிக்கு 2007லருந்து போறாங்க, அதிகபட்சம் வாங்குனது ஒம்போதாவது இடம், 2010லயும் 2011லயும், அதோட சரி, அதுக்கப்புறம் இறுதி சுற்றுக்கு போறதே பெரும்பாடு. குழந்தைங்க போட்டிக்கும் அதே 2007லதான் போனாங்க, மொத தடவையே நாலாவது இடம். அடுத்த வருஷமே முதல் இடம். 2011, 2016, 2024னு மொத்தம் நாலு தடவ அடிச்சாச்சு. ஒரே டிவிதான் அனுப்புது, அதே ஜனந்தான். பெருசுங்க கிட்ட இல்லாத ஏதோ ஒண்ணு சிறுசுங்க கிட்ட இருக்கு.

அந்த 2008 கதையதான் முக்கியமா சொல்லணும்னு வந்தேன். அந்த வருஷம் ஆகஸ்ட்ல ரஷ்யாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் அஞ்சு நாள் சண்ட. குண்டு விழுந்து ஜனம் ஊர விட்டு ஓடுச்சு. நவம்பர்ல சைப்ரஸ் லிமசோல்ல போட்டி. ஜார்ஜியா சார்பா வந்தது மூணு பிள்ளைங்க, ஒரு பையன் ரெண்டு பொண்ணுங்க, குழு பேரு ப்ஸிகெபி, குளவிங்கன்னு அர்த்தம். தேனீ மாதிரி டிரஸ், பாட்டுல ஒரு வார்த்த கிடையாது, எந்த பாஷையும் இல்ல, ரீங்காரத்துலயே இழுத்து மூணு குரலையும் பின்னி ஒரு முழு பாட்ட முடிச்சிட்டாங்க. நாட்டு மொழில பாடணும்னு ரூல் இருக்கே, இது எந்த நாட்டு மொழின்னு நானும் யோசிச்சு பாத்துட்டேன். 154 பாயிண்ட் வாங்கி முதல் இடம். இதுல ரஷ்யா குடுத்தது எவ்ளோ தெரியுமா, முழுசா 12, அதுக்கு மேல குடுக்க வழியே இல்ல. சண்ட முடிஞ்சு மூணு மாசம்தான் ஆச்சு!

இத பாத்து பெரியவங்களுக்கும் மனசு இளகிச்சு. 2009 பெரிய யூரோவிஷன் மாஸ்கோல, முதல்ல வரமாட்டோம்னு சொன்ன ஜார்ஜியா, சரி வரோம்னு மாத்திக்கிச்சு. வந்தாங்களா? எங்க. புடின் பேர வெச்சு வார்த்தை விளையாட்டு பண்ணி ஒரு பாட்ட அனுப்புனாங்க, வரிய மாத்துங்கன்னு போட்டி நடத்துறவங்க சொன்னாங்க, இவங்க முடியாதுன்னாங்க, கடைசில போகவே இல்ல. யார் பக்கம் நியாயம்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, குண்டு வாங்கினவனுக்கு கோவம் வரத்தான் செய்யும். ஆனா குளவிங்க வார்த்தையே இல்லாம பாடி தெறந்து வெச்ச கதவு, ஒரு வார்த்தையால சாத்திக்கிச்சு பாருங்க.

எப்படி இந்த பசங்களுக்கு மட்டும் வருதுன்னா, அவங்க ஊர்ல மூணு குரல்ல சேந்து பாடறது சாப்பாட்டு மேசை விஷயம். ஒருத்தர் மேல, ஒருத்தர் நடுவுல, மிச்ச பேர் கீழ ஸ்ருதி மாதிரி புடிச்சிருப்பாங்க, நம்ம தம்பூரா மாதிரின்னு சொன்னா பாதி சரி, ஏன்னா அந்த கீழ் குரலும் நகந்துகிட்டே இருக்கும். 2001ல யுனெஸ்கோவே இத அங்கீகரிச்சாச்சு. 1977ல வாயேஜர் விண்கலத்துல வெச்சு விண்வெளிக்கு அனுப்புன தங்க இசைத்தட்டுல சக்ருலோங்கற அவங்க பாட்டு ஒண்ணு இருக்கு, நம்ம இந்துஸ்தானி பாடகி கேசர்பாய் கேர்கரும் அதே தட்டுலதான் இருக்காங்க. இது பரம்பர. இதுக்கு மேல உழைப்பும் இருக்கு, கிகா குகியானிட்ஸேன்னு ஒரு இசையமைப்பாளர், 2008லயும் 2011லயும் ஜெயிச்ச பாட்டுங்க அவரோடதுதான், பிள்ளைங்களுக்குன்னே வேலை செய்யறவரு. குழந்தைய குட்டி பெரியவங்களா ஆக்காம, பெரிய பொம்பள மாதிரி இடுப்ப ஆட்ட வெக்காம, பிள்ளைங்களாவே பாட விட்டாங்க. நம்ம டிவில பத்து வயசு பிள்ள விரக தாபத்துல பாடறத பாத்து கைதட்டறோமே, சரி விடுங்க, அத பேசினா மைக்க புடுங்கிடுவாங்க.

2016ல ஜெயிச்ச பாட்டு பேரு "ம்ஸேயோ". ம்ஸேன்னா சூரியன், ஓ சேத்தா சூரியனேன்னு கூப்புடுறது. தமிழ் வாத்தியாருங்க யாராச்சும் இருந்தா சந்தோஷப்படுங்க, அங்கயும் விளி வேற்றுமை இருக்கு.

அடுத்த வருஷம் போட்டி திபிலிசிலயே. சொந்த ஊரு, சொந்த ஜனம், கிரிகோல்னு ஒரு பையன் பாடறான். அந்த வருஷம்தான் இணையத்துல ஓட்டு போடற முறை வந்துச்சு, பாட்டெல்லாம் முடிஞ்சதும் உலகமே ஓட்டு போட விழுந்து சைட் படுத்துருச்சு, அதனால நிகழ்ச்சிக்கு முன்னாடி விழுந்த ஓட்ட மட்டும் எண்ணினாங்க. ரிசல்ட்டு ஜார்ஜியா 185. முதல் இடம் 188. அந்த 188 யாருன்னு கேக்கறீங்களா?

ரஷ்யா. போலினான்னு ஒரு பொண்ணு.

வீட்டுக்கார அம்மாகிட்ட இத கேக்க சொன்னேன், எப்படிம்மா தாங்குனீங்கன்னு. அந்தம்மா ரொம்ப நேரம் யோசிச்சு, "அந்த பொண்ணு நல்லாத்தான் பாடிச்சு"ன்னு மட்டும் சொல்லுச்சாம், அப்புறம் "சைட் படுக்காம இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சு நிறுத்திக்கிச்சாம்.

நேரம் ஆச்சு, மணி அடிச்சிட்டாங்க. தம்பி, லைட்ட அணைச்சுட்டு அந்த குளவி பாட்ட போட்டு விடுங்க, மூணு நிமிஷம் கூட வராது. முன்னாடி உக்காந்திருக்க குட்டிங்க மூணு பேரும் கூடவே பாடிக்கலாம், வரி தெரியலன்னு எவனும் சொல்ல முடியாது.