பழைய ஜி.டி.ஐ.க்குப் புது டயர்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று நிலையத்தார் என்னிடம் சொன்னார்கள். டயரைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். எல்லா டயரையும் பற்றி அல்ல. தென்னாப்பிரிக்காவில், டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று நம்மவர்கள் வாழும் எந்தப் பகுதிக்குப் போனாலும் ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் உறை போர்த்தி நிற்கிறதே ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. என்ற வேகக் கார், அதற்கு என்ன டயர் வாங்குவது என்பதைப் பற்றி. ஓப்பல் கடெட் ஜி.எஸ்.ஐ., டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்.எஸ்.ஐ. வைத்திருப்பவர்களும் வானொலியை அணைத்துவிட வேண்டாம். சொல்லப்போவது உங்களுக்கும் பொருந்தும்.

இந்த வண்டிகள் மேல் நம்மவர்களுக்கு இருக்கும் பாசத்தை நான் சொல்லத் தேவையில்லை. முதல் தலைமுறை கோல்ஃப் ஐரோப்பாவில் போய்விட்ட பிறகும், நம் நாட்டில் அதே உடல் சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 1984 முதல் 2009 வரை ஊட்டன்ஹேகில் உருவாகிக்கொண்டே இருந்தது. அந்த ஊரை இப்போது கரியேகா என்கிறார்கள். அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுகிறான். எஞ்சினைப் பிரித்துக் கட்ட, பெயிண்ட் அடிக்க, புகைக்குழாய் மாற்ற எல்லாவற்றுக்கும் பணம் சேர்த்துச் செலவழிக்கிறார்கள். டயர் என்று வரும்போது மட்டும், "மாமா, மலிவாக நாலு போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். பட்டறையிலேயே தலை நரைத்தவன் நான். இந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. இந்த வண்டிகள் பலவற்றில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கிடையாது. வழுக்கும்போது பிடித்து நிறுத்தும் மின்னணு ஏற்பாடும் கிடையாது. ஈரச் சாலையில் உங்களைக் காப்பாற்ற அதில் இருப்பது ரப்பர் மட்டும்தான்.

முதலில் தேதி. டயரின் மேல் வெட்டியிருக்கும் தடத்தின் ஆழத்துக்கும் பிராண்டுக்கும் விலைக்கும் முன்னால் தேதி.

சில ஆண்டுகளுக்கு முன் ரிசர்வாயர் ஹில்ஸிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பெரியப்பா காலமான பிறகு அவருடைய சிவப்பு நிற இரண்டாம் தலைமுறை ஜி.டி.ஐ. இவர் கைக்கு வந்திருந்தது. பெரியப்பா அதை வெயில் படாமல் கராஜிலேயே வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் மூடி வைப்பாராம். மழையில் வண்டி நிற்கமாட்டேன் என்கிறது என்பதுதான் இளைஞரின் குறை. பிரேக் பேடு மாற்றியாயிற்று, டிஸ்க் மாற்றியாயிற்று, ஷாக் அப்சார்பரும் மாற்றியாயிற்று. ஹிக்கின்சன் ஹைவேயில் லேசான தூறலுக்கே வழுக்குகிறது. "டயரில் குறை இல்லை மாமா, தடம் அப்படியே இருக்கிறது பாருங்கள்" என்றார். அளந்து பார்த்தேன். ஏழு மில்லிமீட்டர் இருந்தது. புது டயருக்கே ஏறக்குறைய எட்டுதான் இருக்கும்.

"தேதி என்ன தம்பி?" என்று கேட்டேன். டயருக்குத் தேதி உண்டா என்று அவர் திகைத்தார். உண்டு. டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்ற மூன்று எழுத்துகளைத் தொடர்ந்து ஒரு குறியீடு வரும். அதன் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அவர் குனிந்து நான்கு சக்கரங்களையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்படி எதுவும் இல்லையே" என்றார். பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மாட்டும்போது அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் வெளியிலிருந்து தெரியாது. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, விளக்கைப் பிடித்து உட்பக்கம் காட்டினேன். 1106. அதாவது 2006, மார்ச் மாதம். அந்த டயர் அச்சிலிருந்து வெளிவந்தபோது இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கவே மாட்டார்.

தடத்தின் நடுவில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தச் சொன்னேன். நகம்தான் வளைந்தது. மேசை இழுப்பறையில் பல வருடம் கிடந்த அழிப்பானை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள், எழுத்து அழியாது, தாள்தான் கிழியும். அந்த ரப்பருக்கு நேர்ந்தது டயருக்கும் நேரும். அவர் அன்றே நான்கையும் மாற்றினார். அந்த வாரமே நல்ல மழை. தொலைபேசியில் அழைத்து, வண்டி நிற்கிறது என்றார். டிஸ்க்குக்கும் பேடுக்கும் கொடுத்த பணத்தை நினைத்துத்தான் வருத்தப்பட்டார்.

ஓடாத வண்டியின் டயர் எப்படிக் கெடும் என்று பலர் கேட்கிறார்கள். ஓடாததனாலும் கெடும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அதைத் தடுக்க ரப்பருக்குள் ஒரு வகை மெழுகும் வேறு இரசாயனங்களும் கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு, வளைந்து, நிமிரும்போதுதான் அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து படரும். நின்றே இருக்கும் வண்டியில் அது மேலே வருவதில்லை. போற்றிப் பாதுகாத்து வெளியே எடுக்காத வண்டியின் டயர்தான் சீக்கிரம் வெடிப்பு விடுகிறது. பக்கச்சுவரில் மெல்லிய கோடு கோடாக வெடிப்பு தெரிந்தால் அந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறாதீர்கள்.

எத்தனை ஆண்டு வைத்துக்கொள்ளலாம்? ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதியுங்கள், பத்து ஆண்டானால் தடம் இருந்தாலும் கழற்றிவிடுங்கள் என்று பெரிய டயர் நிறுவனங்களே சொல்கின்றன. டர்பன் வெயிலில் நிற்கும் வேக வண்டிக்கு நான் ஆறு ஆண்டுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. நடிகர் பால் வாக்கர் 2013இல் காலமான விபத்து நினைவிருக்கும். வேகமே காரணம் என்றது விசாரணை. அந்த போர்ஷ் வண்டியின் டயர்கள் ஒன்பது ஆண்டு பழையவை என்பதையும் அது எழுதி வைத்தது. ஆகவே கடையில் டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே தேதியைக் காட்டச் சொல்லுங்கள். அதிகம் விற்காத பழைய அளவுகள் கிடங்கில் நெடுநாள் கிடக்கக்கூடும். நீங்கள் கேட்டால் கடைக்காரர் கோபிக்கமாட்டார். கோபித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

அடுத்தது அளவு. இரண்டாம் தலைமுறை ஜி.டி.ஐ.யோடு வந்தது 185/60, 14 அங்குலம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் அறுபது விழுக்காடு, அதாவது 111 மில்லிமீட்டர். 14 அங்குலம் என்பது ரிம்மின் விட்டம். அந்த அளவில் நல்ல டயர் தேடுவது இன்று கடினமாகிவிட்டது. 15 அங்குல ரிம் போட விரும்பினால் 195/50 போடுங்கள். சக்கரத்தின் மொத்த உயரம் இரண்டிலும் ஏறக்குறைய 577 மில்லிமீட்டர்தான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. முதல் தலைமுறைக்காரர்களின் 175/70, 13 அங்குலமும் ஏறக்குறைய அதே உயரம்தான். 17 அங்குல ரிம்மில் 205/40 போட்டு வருகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். பக்கச்சுவர் 82 மில்லிமீட்டர். நம் சாலைப் பள்ளங்களை எண்ணிப் பாருங்கள். ரிம் வளையும், பக்கச்சுவர் புடைக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியானால் கையும் வலிக்கும்.

அளவுக்குப் பின்னால் 82 எச் என்று இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. வி என்றால் 240. இந்த வண்டிகளுக்கு எச்சுக்குக் கீழே போகாதீர்கள். அதற்காகக் கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்ட்ரா லோட் வகையைத் தேடிப் போகவும் வேண்டாம். இலேசான வண்டிக்கு அதன் விறைப்பு தேவையில்லை, பள்ளத்துக்குப் பள்ளம் குதிக்கும். பந்தயத்துக்கான, தடம் குறைந்த டயரும் வேண்டாம். தைப்பூசக் காவடி வரும் மாதம் நமக்குக் கனமழை மாதம். தடத்தில் அகலமான கால்வாய்கள் இருக்கும் டயராக, ஈரத்தில் பிடிப்புக்குப் பெயர் பெற்றதாகப் பாருங்கள்.

இரண்டு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால்? முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் முன் டயர்தான் முதலில் தேயும், அதனால் புதியதை முன்னே போடச் சொல்வீர்கள். வேண்டாம். புதியது பின்னால், இருப்பதில் நல்லது முன்னால். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, மறுபடியும் சொல்கிறேன்: புதியது பின்னால். முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கிலேயே உணர்வீர்கள், காலைத் தளர்த்துவீர்கள், வண்டி திரும்பிவிடும். பின் டயர் வழுக்கினால் பிடிப்பதற்குள் வண்டி சுற்றிவிடும். இந்தப் பழைய கோல்ஃப் வேகமாக வளையும்போது உட்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புவதைப் பலர் பெருமையாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த நொடியில் பின்பக்கத்துச் சுமை முழுவதும் ஒரே டயரில் இருக்கிறது. அது தேய்ந்த டயராக இருந்து, மழையும் பெய்து, நீங்கள் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்! பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் இறக்கத்தில் இது எப்படி முடியும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நிலையத் தம்பி கண்ணாடிக்கு அப்பாலிருந்து, இன்னும் ஒரு நிமிடம்தான் என்று ஒரு விரலைக் காட்டுகிறார். காற்றழுத்தத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். பெட்ரோல் நிலையத்தில் பணியாளர் "இரண்டு புள்ளி இரண்டா?" என்று கேட்பார், எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். உங்கள் வண்டிக்கான காற்றழுத்த அளவு கதவோரத்திலோ பெட்ரோல் மூடியின் உட்பக்கத்திலோ ஒட்டியிருக்கும், அதைச் சொல்லுங்கள். டயர் குளிர்ந்திருக்கும் காலையில் பாருங்கள். ஈஸ்டரில் குடும்பத்தோடு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது, ஆள் நிறைந்த வண்டிக்கான அளவு தனியாக எழுதியிருக்கும். புது டயரோடு வால்வும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்காமல் பட்டறையை விட்டு வராதீர்கள், நூறு கிலோமீட்டருக்குள் சக்கரத்தின் நட்டு, போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ஸ்பேர் டயரின் தேதியையும் பாருங்கள். நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.