பாம் நகரின் வரைபடத்தில் இல்லாத பிளவு

அவையோருக்கு வணக்கம்.

2003 டிசம்பர் 26 அன்று விடியுமுன், ஈரானின் தென்கிழக்கிலுள்ள பாம் நகரம் சில நொடிகளில் இடிந்து விழுந்தது. 6.6 அளவுள்ள நிலநடுக்கம் அது. சுடாத மண்கல் சுவர்களுக்குள் உறங்கிக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து 26,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரின் கிழக்குப் புறமாக ஒரு நிலப்பிளவு, அதாவது இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று உரசி வழுக்கக்கூடிய விரிசல், செல்வதை நிலவியலாளர்கள் முன்பே அறிந்திருந்ததால், முதல் ஐயம் அதன்மேல் விழுந்தது.

அந்த ஐயத்தைத் திருத்தியது என்விசாட் என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள். டிசம்பர் 3 அன்றும், 35 நாள் கழித்து ஜனவரி 7 அன்றும் அது அதே நிலத்தை ரேடாரால் பார்த்தது. ரேடார் அலையின் நீளம் 5.6 செ.மீ.; ஆகவே தரை செயற்கைக்கோளை நோக்கியோ அதைவிட்டு விலகியோ 2.8 செ.மீ. நகர்ந்தாலே, அலை போய்த் திரும்பும் தொலைவில் ஒரு முழு அலைநீளம் கூடும் அல்லது குறையும். இரு நாள்களின் அலைகளையும் ஒப்பிட்டால், அத்தகைய ஒவ்வொரு மாற்றமும் ஒரு வண்ணப் பட்டையாகப் படத்தில் விழும். பட்டைகளை எண்ணினால் அசைவின் அளவு கிடைத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஏறத்தாழத் துருவத்துக்குத் துருவம் சுற்றி, பக்கவாட்டில் நோக்கும் இக்கருவிக்கு வடக்கு தெற்கான நகர்வு அநேகமாகத் தெரியாது. பாமின் நிலமோ அந்தத் திசையில்தான் வழுக்கியிருந்தது. ஆனால் வழுக்கிய பிளவின் இரு முனைகளிலும் தரை சற்றே உயர்ந்தும் தாழ்ந்தும் இருந்ததால், அங்கே திரண்ட பட்டைகள் அதைக் காட்டிக்கொடுத்தன. பழைய பிளவுக்குச் சில கிலோமீட்டர் மேற்கே, யாரும் அறிந்திராத வேறொரு பிளவு, ஆழத்தில் இரண்டு மீட்டருக்கு மேல் வழுக்கியிருந்தது. வழக்கமாக, தரைமட்டத்தை எட்டாத மறைபிளவுகளும் மேடு, பள்ளம் என ஏதேனும் தடயம் விட்டுவைக்கும். இதற்கு அதுவும் இல்லை. பிளவுகளின் வரைபடத்தை மட்டும் நம்பி ஓர் ஊரை ஆபத்தற்றது என்பது எவ்வளவு துணிச்சல் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

இக்கருவி நிலநடுக்கத்தை முன்னறிவிக்காது. நிலத்தில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டராகச் சேரும் இறுக்கத்தை அளக்கவே பல்லாண்டுப் படங்கள் வேண்டும். காற்றிலுள்ள நீராவியும் அளவைப் பிழையாக்கும். பாம் பாலைநிலம் என்பதால் படம் தெளிவாக அமைந்தது. அடர்ந்த காட்டில் இதே அலை இலைகளிலேயே பட்டுத் திரும்பிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோளான நிசார், 24 செ.மீ. அலையையும் பயன்படுத்துகிறது, இலைகளை ஊடுருவவல்ல அந்த அலையுடன் 12 நாளுக்கொருமுறை அதே பாதைக்குத் திரும்புவதால், இமயமலையின் காடடர்ந்த சரிவுகளிலும் இத்தகைய அளவீட்டுக்கு வழி பிறந்திருக்கிறது.